அழித்தெழுதவா, சேர்த்தெழுதவா?

வலையின் எழுதுகை: வரலாற்றுத் தொடர், பகுதி 14

திருவண்ணாமலை நகராட்சி 2024இல் மாநகராட்சி ஆனது. அதற்கு முன், 1989 செப்டம்பர் 30 அன்று பழைய வடாற்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிந்தபோது, இவ்வூரைத் தலைநகராகக் கொண்டு திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் உருவானது. தொண்ணூறுகளின் பிற்பாதியில், மாவட்டப் பெயர்களோடு ஒட்டியிருந்த தலைவர்கள், மன்னர்கள் பெயர்களை அரசு நீக்கியது. சம்புவராயர் போய்த் திருவண்ணாமலை மட்டும் நின்றது. முப்பத்தைந்து ஆண்டுகளில் மூன்று மாற்றங்கள். ஊர் இடம்பெயரவில்லை, மலை நகரவில்லை, 606601 என்ற அஞ்சல் குறியீடும் அப்படியே இருக்கிறது. மாறியதெல்லாம் ஒரு பதிவின் ஒரு கட்டம். காகிதப் பதிவேட்டுக் காலத்தில் எழுத்தர் பழைய சொல்லைச் சிவப்பு மையால் ஒரு கோடு அடித்து, மேலே புதியதை எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பம் போடுவார். அடித்த சொல்லையும் படிக்கலாம், அடித்தவர் யாரென்றும் கேட்கலாம். அதே திருத்தம் ஒரு கணினியிலிருந்து எங்கோ இருக்கும் சர்வருக்கு வலை வழியாகப் போகும்போது என்ன ஆகிறது என்பதுதான் இந்தப் பகுதியின் விஷயம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோப்பை முழுதாக அழித்தெழுதும் பழக்கத்தில்தான் வலை தன் திருத்த முறையைத் தொடங்கியது. எதை, எந்த நிலையிலிருந்து, யார் மாற்றினார் என்று சொல்லித் திருத்தும் முறைக்கு அது வந்துசேர இருபது ஆண்டுகள் பிடித்தன. அந்தத் தடுமாற்றம் முழுவதையும் பிரவுசரில் அல்ல, டெர்மினல் திரையில்தான் தெளிவாகப் பார்க்க முடிகிறது.

சென்ற பகுதியில் படிவங்களின் கதையைப் பார்த்தோம். அதற்குச் சற்று முன்னால் போக வேண்டும். 1990 கடைசியில் ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ ஒரு நெக்ஸ்ட் கணினியில் எழுதிய முதல் பிரவுசர், பக்கத்தைக் காட்டும் கருவி மட்டுமல்ல. அதிலேயே பக்கத்தைத் திருத்தவும் முடிந்தது. ஆனால் திருத்தியதைத் தன் கணினியில் உள்ள கோப்பாகச் சேமிக்கத்தான் முடிந்தது. தொலைவிலுள்ள சர்வருக்கு அதைத் திருப்பி அனுப்ப எச்டிடிபி என்ற நெறிமுறையில் அப்போது வழியே இல்லை. 'கெட்', அதாவது கொடு என்ற ஒரே ஏவல்தான் இருந்தது. 1993இல் வந்த மொசைக் பிரவுசர் வலையை உலகெங்கும் கொண்டுபோனது, ஆனால் வாசகனுக்குரிய கருவியாகக் கொண்டுபோனது. 1996 மே மாதம் எச்டிடிபி 1.0 ஆவணம் வந்தபோது கெட், ஹெட், போஸ்ட் ஆகிய மூன்றும் உள்ளே இடம்பெற்றன. 'புட்', அதாவது இதை அங்கே வை என்ற ஏவல், பின்னிணைப்புக்குத் தள்ளப்பட்டது. 1997 ஜனவரியில் 1.1 வந்தபோது புட் உள்ளே நுழைந்தது. அப்போது 'பேட்ச்' என்ற இன்னொரு ஏவல் பின்னிணைப்பில் உட்கார்ந்திருந்தது. ஒரு பகுதியை மட்டும் மாற்று என்பது அதன் பொருள். 1999 ஜூனில் அதே நெறிமுறையைச் செப்பனிட்டவர்கள் பேட்சைக் கைவிட்டார்கள். முழுதாக வைக்கலாம், பகுதியாகத் திருத்த முடியாது என்ற நிலைமை அடுத்த பத்தாண்டுகளுக்கு அப்படியே நீடித்தது.

இதற்கிடையே எச்டிஎம்எல் படிவங்கள் கெட், போஸ்ட் இரண்டோடு நின்றுவிட்டன. எச்டிஎம்எல் 5 வரைவில் ஒரு கட்டத்தில் புட்டும் டெலீட்டும் படிவத்தின் ஏவல்களாகச் சேர்க்கப்பட்டுப் பின்னர் நீக்கப்பட்டன. இன்றும் ஒரு சாதாரணப் படிவத்தால் 'இந்தப் பதிவை இப்படி மாற்றி வை' என்று நேரடியாகச் சொல்ல முடியாது. 'இந்தா, இதை எடுத்துக்கொண்டு செய்ய வேண்டியதைச் செய்' என்று மட்டும்தான் சொல்ல முடியும். திருத்தும் ஏவல் நெறிமுறையில் இருந்தும் மக்கள் கையிலிருந்த கருவியில் அதற்குப் பொத்தான் இல்லை. அது பிழைத்துக் கிடந்த இடம் டெர்மினலின் கட்டளை வரி.

அங்கே அதை வாழவைத்த கருவிகளில் முதலாவது கர்ல். 1996இல் பிரேசில் நாட்டு ரஃபேல் சகுலா எழுதிய 'எச்டிடிபிகெட்' என்ற மிகச் சிறிய நிரலை, ஸ்வீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பெர்க் எடுத்து வளர்த்தார். அரட்டை அறை ஒன்றில் நாணய மதிப்பை மாற்றிச் சொல்லும் போட் என்ற தானியங்கி நிரலுக்கு அன்றாட மாற்று விகிதம் வேண்டியிருந்தது, தேவை அவ்வளவுதான். பிறகு எஃப்டிபி என்ற கோப்புப் பரிமாற்ற நெறிமுறையும் சேர்ந்ததால் பெயர் 'யூஆர்எல்கெட்' ஆனது. கோப்பை மேலே அனுப்பும் வசதி வந்ததும், வாங்குவதை மட்டும் குறிக்கும் அந்தப் பெயரும் பொருந்தவில்லை. 1998 மார்ச் 20 அன்று கர்ல் என்ற பெயரில் 4.0 பதிப்பு வெளியானது. வாங்க மட்டும் தெரிந்த கருவி அனுப்பவும் கற்றுக்கொண்ட நாள் என்று அதைச் சொல்லலாம். இதே காலத்தில் பிரவுசர்கள் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தன என்பதைச் சேர்த்துப் படித்தால்தான் இந்தப் பெயர் மாற்றத்தின் எடை தெரியும்.

பிரவுசருக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்டால் புட் அனுப்ப முடிந்ததே, பிறகென்ன கட்டளை வரியின் பெருமை என்று கேட்கலாம். முடிந்தது உண்மைதான். ஆனால் அங்கே அனுப்பப்படுவது பொத்தானுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. கர்ல் வரியில் எந்த முகவரி, எந்த ஏவல், எந்தத் தலைப்பு வரி, என்ன உள்ளடக்கம் என்பதெல்லாம் ஒரே வரியில் கண்ணெதிரே நிற்கின்றன. அந்த வரியை நகலெடுத்து இன்னொருவருக்கு அனுப்பினால், அவர் அதே கோரிக்கையைத் தன் கணினியில் ஓட்டிப் பார்க்கலாம். 2005இல் டேமியன் காட்ஸ் தொடங்கிய கௌச்டிபி தரவுத்தளமும், 2010இல் வந்த எலாஸ்டிக்சர்ச்சும் தங்கள் பயன்பாட்டு விளக்கங்களை கர்ல் வரிகளாகவே எழுதியது இதனால்தான். பாடப்புத்தகம் எழுத ஏற்ற மொழியாக அது அமைந்துவிட்டது. நான் இங்கே கட்டளை வரியைச் சான்றாகக் கொள்வதும் அந்தக் காரணத்துக்காகத்தான்.

இனி ஒரு திருத்தத்தை அருகில் வைத்துப் பார்ப்போம். 2004இல் லண்டனில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், யாரும் வந்து திருத்தக்கூடிய உலக வரைபடம். திருவண்ணாமலை கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரும், அதன் ஓரத்தில் இந்திர லிங்கம் முதல் ஈசானிய லிங்கம் வரையிலான எட்டு லிங்கங்களும் அப்படியொரு வரைபடத்தில் கோடுகளாகவும் புள்ளிகளாகவும் இடம்பெறக் கூடியவை. ஊர் என்பதும் ஒரு புள்ளிதான்: வட அட்சம் 12.23, கிழக்குத் தீர்க்கம் 79.07க்கு அருகில் ஓரிடம். அதற்கு ஓர் அடையாள எண். அதோடு பெயர், தமிழ்ப் பெயர், ஊரின் வகை என்று சில குறிப்புகள். மாநகராட்சி ஆகிவிட்டது, ஊர் வகையை மாற்றலாம் என்று ஒருவர் டெர்மினலில் உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் ஒரு புட் கோரிக்கை அனுப்பி, 'இந்தக் காரணத்துக்காக மாற்றப் போகிறேன்' என்று மாற்றத் தொகுதி ஒன்றைத் திறக்க வேண்டும். சர்வர் அதற்கு ஓர் எண் தரும். அடுத்துக் கெட் அனுப்பிப் புள்ளியின் இப்போதைய நிலையை வாங்க வேண்டும். அந்தக் கோப்பில் மாற்ற வேண்டியதை மாற்றி, மாற்றத் தொகுதி எண்ணையும் சேர்த்து, புட் வழியாகத் திருப்பி அனுப்ப வேண்டும். ஏற்றுக்கொண்டால் சர்வர் புதிய பதிப்பு எண்ணைப் பதிலாகத் தரும். கடைசியில் தொகுதியை மூட வேண்டும். நாலு வரி வேலை. பழகிப் பார்க்கத் தனிச் சோதனைச் சர்வரும் உண்டு. முதல் முயற்சியை உண்மையான வரைபடத்தில் செய்வது ஊரார் சுவரில் எழுதிப் பழகுவதற்குச் சமம்.

இந்த நாலு வரிக்குள் ஒரு பள்ளம் இருக்கிறது. புட் என்றால் முழுசாக வை. 'ஊர் வகை: சிட்டி' என்ற ஒரு குறிப்பை மட்டும் எழுதி அனுப்பினால், சர்வர் அதைத் திருத்தம் என்று எடுத்துக்கொள்ளாது, இனி இந்தப் புள்ளிக்கு இருக்கும் குறிப்பு இது ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்ளும். பெயர் போய்விடும், தமிழ்ப் பெயரும் போய்விடும். மாறாமல் இருக்க வேண்டியதையும் சேர்த்தே அனுப்ப வேண்டும் என்று ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தன் ஏபிஐ, அதாவது நிரல்கள் அதனோடு பேசும் வழி, பற்றிய விளக்கத்தில் வெளிப்படையாகச் சொல்கிறது. ஒரு சொல்லை மாற்ற வந்தவர் பக்கத்தையே பொறுப்பேற்க வேண்டியிருக்கிறது. அழித்தெழுதும் முறையின் முதல் செலவு இது.

கர்ல் கருவியும் தன் பங்குக்குச் சில பொறிகளை வைத்திருக்கிறது. எக்ஸ் என்ற கொடியோடு புட் என்று எழுதினால், கோரிக்கையின் முதல் சொல்லை மட்டும்தான் கர்ல் மாற்றுகிறது. உள்ளடக்கத்தை டி கொடியால் கொடுத்தால், படிவத் தரவு என்று தலைப்பு வரியில் தானாகவே எழுதிவிடும். ஜேசன், எக்ஸ்எம்எல் போன்ற தரவு வடிவங்களை எதிர்பார்க்கும் சர்வர், இந்த வடிவம் ஏற்கத்தக்கதல்ல என்ற பொருளில் 415 என்று திருப்பி அனுப்பலாம். அதே டி கொடி ஒரு கோப்பைப் படிக்கும்போது வரி முறிவுகளை நீக்கிவிடும். அப்படியே போக வேண்டுமானால் அதற்கு வேறு கொடி. இதைவிட மோசமானது ஒன்று உண்டு. சர்வர் முடியாது என்று சொன்னாலும், பதில் வந்துசேர்ந்தவரை தன் வேலை வெற்றி என்றே கர்ல் கணக்கு வைக்கும். ஃபெயில் என்ற கொடியைத் தனியாகக் கொடுத்தால்தான் பிழை என்று வெளியேறும். ஐநூறு புள்ளிகளை வரிசையாகத் திருத்தும் ஸ்கிரிப்டில் இந்தக் கொடி இல்லையென்றால், ஐநூறும் மறுக்கப்பட்ட பிறகும் 'முடிந்தது' என்று அது சொல்லும். விண்டோஸ் 10இல் 2018 முதல் கர்ல் உடன் வருகிறது. ஆனால் அதன் பழைய பவர்ஷெல்லில் கர்ல் என்று அடித்தால் வேறொரு கட்டளை ஓடும் என்பது தனி வேடிக்கை.

தமிழில் எழுதுபவருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். 'திருவண்ணாமலை' என்பதில் எழுத்தும் உயிர்க்குறியும் புள்ளியுமாகப் பன்னிரண்டு குறிகள். ஆக 36 பைட். அதையே முகவரி வரிக்குள் வைத்தால் ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்தாக விரிந்து 108 எழுத்து நீளும். நீளம் ஒரு குறையல்ல, கணினிக்கு அது தூசு. குறியாக்கத்தைத் தவறாகப் புரிந்துகொண்ட டெர்மினலில் அந்த 36 பைட்டும் கேள்விக்குறிகளாக மாறி, அவை அப்படியே சர்வரில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்பதுதான் ஆபத்து. புட் முறையில் முன்னிருந்த சரியான பெயர் அந்தக் கேள்விக்குறிகளுக்கு அடியில் போய்விடுகிறது.

இதுவரை சொன்னது ஒரே ஆள் திருத்தும்போது நேரும் இழப்பு. இரண்டு பேர் திருத்தினால் நேர்வது வேறு. ஒருவர் காலை பத்து மணிக்குப் பதிவை வாங்கித் தமிழ்ப் பெயரின் எழுத்துப்பிழையைச் சரிசெய்கிறார். மற்றவர் அதே பத்து மணிப் பதிவை வாங்கி ஊர் வகையை மாற்றுகிறார். முன்னவர் பத்தரைக்கு அனுப்புகிறார், பின்னவர் பதினொன்றுக்கு. பின்னவரின் பதிவில் பழைய எழுத்துப்பிழை இருக்கிறது. அது முழுசாகப் போய் உட்கார்ந்ததும் முன்னவரின் திருத்தம் சத்தமில்லாமல் மறைகிறது. இருவரும் தவறு செய்யவில்லை, இருவருக்கும் வெற்றி என்றே பதில் வந்தது. தொலைந்துபோகும் திருத்தம் என்று இந்தச் சிக்கலுக்குப் பெயர். 1999 மே மாதம் வலைக் கூட்டமைப்பான டபிள்யூ3சி, ஹென்ரிக் ஃபிரிஸ்டிக் நீல்சனும் டேனியல் லாலிபெர்டியும் எழுதிய குறிப்பொன்றை இதற்காகவே வெளியிட்டது. பதிவைத் தரும்போதே அதன் நிலைக்கு ஓர் அடையாளக் குறி தருவது, திருத்துபவர் 'இந்தக் குறி இன்னும் மாறாமல் இருந்தால் மட்டும் ஏற்றுக்கொள்' என்று நிபந்தனை போடுவது, குறி மாறியிருந்தால் சர்வர் 412 என்று மறுப்பது என்பது அதன் சாரம். ஈடேக், இஃப்-மேட்ச் என்ற இந்த ஏற்பாடு எச்டிடிபி 1.1இலேயே இருந்தது. ஆனால் விரும்பினால் பயன்படுத்தலாம் என்ற அளவில்தான் இருந்தது. நிபந்தனை இல்லாமல் வரும் திருத்தத்தை மறுக்க விரும்பும் சர்வருக்கென்று 428 என்ற எண் ஒதுக்கப்பட்டது 2012 ஏப்ரலில்தான். கௌச்டிபி அதற்கு முன்பே கண்டிப்பாக இருந்தது: எந்தத் திருத்த எண்ணின் மேல் எழுதுகிறாய் என்று சொல்லாவிட்டால் 409, முரண்பாடு. 2009 ஏப்ரலில் வந்த ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் ஏபிஐ 0.6 பதிப்பும் அதே வழி. பழைய பதிப்பு எண்ணோடு வந்தால் 409. நம் எடுத்துக்காட்டில் பதினொரு மணிக்காரர் திரும்பிப் போய்ப் புதிய பதிவை வாங்கி வர வேண்டும். எரிச்சலான வேலைதான், ஆனால் முன்னவரின் திருத்தம் பிழைக்கிறது.

பகுதித் திருத்தத்துக்கான ஏவல் இதற்குப் பிறகே திரும்பி வந்தது. 2010 மார்ச்சில் லிசா டுஸோவும் ஜேம்ஸ் ஸ்னெல்லும் பேட்சைத் தனி ஆவணமாக மீட்டார்கள். முழுசாக மாற்றி வைப்பதற்கென்று வரையறுத்த புட்டைப் பகுதித் திருத்தத்துக்கும் பயன்படுத்தினால் இடைத்தரகுச் சர்வர்களும் கருவிகளும் குழம்பும் என்பது அவர்கள் காட்டிய காரணம். 2013 ஏப்ரலில் ஜேசன் பேட்ச் வந்தது. அதில் மாற்றத்தின் விளைவை எழுதுவதில்லை, மாற்றத்தையே எழுதுகிறோம்: இந்த இடத்தில் இதைச் சேர், அந்த இடத்தில் உள்ளதை நீக்கு. அதிலும் 'சோதி' என்று ஒரு வகை உண்டு. இங்கே இந்த மதிப்பு இருந்தால்தான் மற்றவற்றைச் செய், இல்லையேல் எதையும் தொடாதே. 2013 ஜூனில், வலைச் செயலிகள் எழுதும் சட்டகமான ரெயில்ஸின் 4ஆம் பதிப்பு, திருத்தத்துக்கு புட்டை விட்டு பேட்சை இயல்பாக்கியது. 2012 அக்டோபரில் தொடங்கிய விக்கிடேட்டாவின் புதிய ரெஸ்ட் ஏபிஐ, ஒரு பொருளின் பெயரைத் திருத்த ஜேசன் பேட்ச் வடிவத்தை ஏற்கிறது. என்ன காரணத்துக்காக மாற்றுகிறோம் என்ற குறிப்பையும் கூடவே அனுப்பலாம். 1999இல் கைவிட்டதை அடுத்த பத்து பதினைந்து ஆண்டுகளில் ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டார்கள்.

அழித்தெழுதுவது இயல்பு, வரலாறு வைப்பது பிற்காலச் சொகுசு என்று நினைப்பவர்களுக்குத் திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயில் சுவரைக் காட்டலாம். சோழர் காலம் முதல் காடவர், போசளர், விஜயநகரத்தார், நாயக்கர் வரை அங்கே கல்வெட்டுகள் தொடர்கின்றன. பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் அவற்றைத் தொகுத்து 1990இல் வெளியிட்டது. விளக்குக்கு ஆடு, திருவமுதுக்கு நிலம், நந்தவனத்துக்குக் கொடை என்று வரும் தமிழகக் கல்வெட்டுகளின் வாய்பாடு நமக்குத் தெரிந்ததே: எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு என்பது தலையில் இருக்கும், கொடுத்தவர், பெற்றவர், அளவு, காலம் பின்னால் வரும். புதிய ஏற்பாடு வந்தால் பழைய கல்லைச் செதுக்கி மாற்றுவதில்லை, இன்னோரிடத்தில் புதிய கல்வெட்டு. ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி ஆட்சியாண்டு ஏற ஏறப் புதிய வெற்றிகளைச் சேர்த்துக்கொண்டு நீள்கிறது. ஒவ்வொரு கல்வெட்டும் அந்த ஆண்டுவரையிலான முழு நிலையைச் சொல்கிறது. முழுசாக எழுதுவதும் பழையதைக் காப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. ஆட்சியாண்டு என்ற பதிப்பு எண் தலையில் இருந்தால் போதும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் செய்வதும் இதைத்தான். ஏவலின் பெயர் புட், ஆனால் உள்ளே பழைய பதிப்பு அழிவதில்லை. அதன் மேல் அடுத்த எண் ஏறுகிறது. தமிழ்ப் பெயரைத் தொலைத்தவர் முந்தைய பதிப்பை எடுத்துப் பார்த்து மீட்டுவிடலாம்.

கல்லை இப்படிக் கொண்டாடுவது மிகை என்பார்கள். கோயில்கள் புதுப்பிக்கப்பட்டபோது எத்தனையோ எழுத்துக் கற்கள் தரையில் பாவப்பட்டன, தலைகீழாகச் சுவரில் ஏறின, சுண்ணாம்பில் மறைந்தன. மறுக்கவில்லை. ஆனால் அந்த இழப்பை அக்காலத்தவரே எப்படிக் கையாண்டார்கள் என்பதற்கும் சான்று இருக்கிறது. இதே பழைய வடாற்காட்டைச் சேர்ந்த திருவல்லம் பில்வநாதேசுவரர் கோயிலில் மண்டபத்தை இடித்துக் கட்டியபோது, முன்பிருந்த பல்லவர் காலக் கல்வெட்டை மறுபடி வெட்டினார்கள். வெட்டும்போது, இது இடிப்பதற்கு முன்பிருந்த கல்வெட்டின் படி என்று தொடக்கத்திலேயே சொல்லிவைத்தார்கள். பொருளை முழுசாக மாற்றியாகிவிட்டது, ஆனால் எதன் மேல் நின்று மாற்றினோம் என்பது பதிவில் இருக்கிறது. பழையது அழிந்ததா இல்லையா என்பதைவிட, மாற்றியவர் தன் ஆதாரத்தைச் சொன்னாரா என்பதே முக்கியம் என்று நான் சொல்வதற்கு இந்தக் கல் போதும்.

இன்னோர் ஆட்சேபம் நிரல் எழுதுபவர்களிடமிருந்து வருவது: எல்லாவற்றையும் போஸ்ட் கொண்டே செய்யலாம், செய்கிறார்கள், ஏவலின் பெயரில் என்ன இருக்கிறது? இதில் பாதி நியாயம் உண்டு. பட்டா மாறுதலை எடுத்துக்கொள்ளுங்கள். குடிமகன் அனுப்புவது விண்ணப்பம். கிராம நிர்வாக அலுவலர், நில அளவர், வட்டாட்சியர் என்று போய், ஏற்கப்பட்டால்தான் பதிவு மாறும். அங்கே போஸ்ட்தான் பொருத்தம். பட்டாவை யார் வேண்டுமானாலும் புட் செய்யலாம் என்றால் ஊரில் நிலம் மிஞ்சாது. ஆனால் மற்ற பாதியைப் பார்க்க கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலைக்கு வர வேண்டும். லட்சக்கணக்கானவர்கள் ஓரிடத்தில் கூடும்போது ஃபோன் இணைப்பு திணறுகிறது. கோரிக்கை போய்விட்டது, பதில் வரவில்லை. போய்ச்சேர்ந்ததா, வழியில் விழுந்ததா தெரியாது. மறுபடி அனுப்பலாமா? 'இந்த வாகன நிறுத்தத்தில் இப்போது 240 இடம் காலி' என்று புட் அனுப்பியிருந்தால் பத்துமுறை அனுப்பினாலும் அதே 240. 'புதிய பதிவு சேர்' என்று போஸ்ட் அனுப்பியிருந்தால் பத்துப் பதிவுகள். 'ஒன்றைக் குறை' என்ற பேட்ச் பத்து இடங்களை விழுங்கிவிடும். ஆகவே பேட்ச் எல்லா இடத்துக்கும் மருந்தல்ல. மறுபடி அனுப்பினாலும் கெடாது என்ற உத்தரவாதம் புட்டுக்கு உண்டு, பேட்ச்சுக்குத் தானாக வராது. அதற்கும் ஈடேக் நிபந்தனையோ சோதி வரியோ வேண்டும். ஏவலின் பெயரில் இருப்பது இந்த வாக்குறுதிதான். வழியில் நிற்கும் கருவிகள், மறுபடி அனுப்பலாமா என்று முடிவெடுக்க அந்தப் பெயரைத்தான் பார்க்கின்றன.

கனமான ஆட்சேபம் கடைசியில் இருக்கிறது. எல்லாப் பழைய நிலைகளையும் காத்துவைப்பது நல்லதா? இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன்னைப் பற்றிய தரவைத் திருத்தக் கோரும் உரிமையோடு அழிக்கக் கோரும் உரிமையையும் சேர்த்தே தருகிறது. ஓர் ஊரின் பெயர் மாறிய வரலாறு பொதுச்சொத்து. ஒரு மனிதரின் பழைய முகவரியோ, மாற்றிக்கொண்ட பெயரோ அப்படியல்ல. இங்கே நான் சேர்த்தெழுதும் கட்சியிலிருந்து ஓரளவு இறங்கி வரத்தான் வேண்டும். தனிநபர் பதிவில் அழிப்பு என்றால் அழிப்பாகவே இருக்க வேண்டும். ஆனால் பொதுப்பதிவில், அழிக்க நேர்ந்தபோதும் நேர்மையாக இருக்க வழி உண்டு என்பதை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2012இல் காட்டியது. உரிமத்தை மாற்றியபோது, புதிய உரிமத்துக்கு இசையாதவர்கள் வரைந்தவற்றை மறைக்க வேண்டியிருந்தது. அதற்கென்று ஒரு போட்டை ஓடவிட்டு, அந்தப் பதிப்புகளைப் பார்வையிலிருந்து எடுத்தார்கள். பதிப்பு எண்களை மட்டும் நெருக்கி அடுக்கவில்லை. இன்றும் கர்லில் ஒரு புள்ளியைக் கேட்டால், அப்படி ஒன்று இருந்ததே இல்லையென்றால் 404 வரும். இருந்து நீக்கப்பட்டிருந்தால் 410 வரும். மறைக்கப்பட்ட பழைய பதிப்பை எண் சொல்லிக் கேட்டால் 403 வரும். மூன்றும் மறுப்புதான். இவற்றை ஒன்றாக்கி எல்லாவற்றுக்கும் 404 என்று சொல்லும் ஏபிஐகளே ஏராளம். அவற்றில் எவை பாதுகாப்புக்காக அப்படிச் செய்கின்றன, எவை சோம்பலால் செய்கின்றன என்பதை அடுத்த பகுதியில், கடவுச்சொல்லிலிருந்து டோக்கனுக்கு மாறிய கதையோடு சேர்த்துப் பார்க்கலாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தன் ஏபிஐயில் கடவுச்சொல்லை நேரடியாக அனுப்பும் பழைய வழியை மூடியதும் திருவண்ணாமலை மாநகராட்சியான அதே 2024இல்தான்.